நாகர்கோவிலில் கோடிங்கும் நடன இசையும்: முதல் கூடுகையை நடத்துவது எப்படி

பகலில் வீட்டிலிருந்தே வெப் டெவலப்பர் வேலை. சாயங்காலமானால் ஹவுஸ், டெக்னோ என்று மின்னணு நடன இசை கேட்பதும், லேப்டாப்பிலேயே தாளம் கட்டிப் பார்ப்பதும். உங்கள் வாழ்க்கையும் இப்படி என்றால் ஒரு விஷயம் தெரிந்திருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பேச ஒரு ஆள் வேண்டுமென்றால் திருவனந்தபுரத்துக்கு 70 கிலோமீட்டர் போக வேண்டும். இல்லையென்றால் பெங்களூரு, சென்னை. குமரி மாவட்டத்துக்குள்ளேயே அப்படி ஒரு கூடுகை வேண்டும் என்று நானும் இரண்டு நண்பர்களும் இறங்கினோம்.

முதல் முயற்சி நடக்கவே இல்லை. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்து, தேதி சொல்லி, எல்லோரையும் அழைத்தாகிவிட்டது. இரண்டு நாள் இருக்கும்போது மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சி கேட்டார்: “தம்பி, போலீஸ் ஸ்டேஷன் லெட்டர் வாங்கியாச்சா? பாட்டுக்கு லைசென்ஸ் இருக்கா?” இரண்டும் எங்களிடம் இல்லை. முன்பணம் 500 ரூபாய் போனது. பதினைந்து பேருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டோம். ஒரு மாதம் கழித்து வேறு இடத்தில் நடத்தினோம், அன்றும் முதல் அரை மணி நேரம் ஸ்பீக்கரில் உறுமல் சத்தம்தான் வந்தது.

யோசித்துப் பார்த்தால் எங்கள் தவறு வரிசையில் இருந்தது. முதலில் மண்டபத்தைப் பிடித்தோம், இசையைப் பற்றிக் கடைசியில் யோசித்தோம். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கீழே உள்ள வரிசையில் போனால் நான்கு வாரம் போதும்.

1. எந்த இசை ஒலிக்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லாக் காகிதமும் இந்த ஒரு முடிவிலிருந்துதான் வரும். அதனால் இதற்கு ஒரு வாரம் முழுதாக ஒதுக்குங்கள்.

வெளியான ஒரு பாட்டைப் பலர் கூடியிருக்கும் இடத்தில் ஒலிக்கவிட்டால் இரண்டு உரிமைகள் சம்பந்தப்படுகின்றன. மெட்டும் வரிகளும் எழுதியவர்களின் உரிமை ஒன்று. அந்தப் பதிவை வெளியிட்ட கம்பெனியின் உரிமை இன்னொன்று. முதலாவதற்கு ஐ.பி.ஆர்.எஸ்., இரண்டாவதற்கு பி.பி.எல். என்று தனித்தனி அமைப்புகள் உரிமம் கொடுக்கின்றன. ஒன்றை வாங்கினால் மற்றது சேர்ந்து வராது. எல்லாக் கம்பெனியின் பாட்டும் பி.பி.எல்.லில் அடங்குவதும் இல்லை. சில கம்பெனிகளின் பதிவுகளுக்கு நோவெக்ஸ் என்ற இன்னொரு நிறுவனத்திடம் போக வேண்டும். இருபது பேர் சாயங்காலம் கூடி உட்காருவதற்கு இவ்வளவு தூரம் ஓடுவது தேவையில்லாத வேலை.

“கல்யாண வீட்டில் போடுகிறார்களே?” என்று கேட்பீர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு மதச் சடங்குகளுக்கும் திருமணத்தை ஒட்டிய நிகழ்வுகளுக்கும் விலக்கு தருகிறது. அது நமக்குப் பொருந்தாது. அதே பிரிவில், லாப நோக்கமில்லாத மன்றம் தன் நடவடிக்கையின் பகுதியாகப் பதிவை ஒலிக்கவிடுவதற்கும் விலக்கு இருக்கிறது. போன வாரம் வாட்ஸ்அப்பில் ஆரம்பித்த குழு ‘மன்றம்’ ஆகுமா என்று மண்டப வாசலில் நின்று வாதாட முடியாது. அந்த விலக்கை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஸ்பாட்டிஃபை சந்தா இருக்கிறது, அதிலிருந்து போடலாம் என்ற யோசனையும் வேண்டாம். அந்தச் சந்தா தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் என்று அவர்களுடைய விதிமுறையிலேயே இருக்கிறது.

நாங்கள் எடுத்த முடிவு இது: கூடுகையில் மூன்று வகை இசை மட்டும் ஒலிக்கும். முதல் வகை, வந்திருப்பவர்கள் லேப்டாப்பில் கோடிங் செய்து அங்கேயே உருவாக்குவது. இரண்டாவது, உறுப்பினர்கள் சொந்தமாகச் செய்து கொண்டுவருவது. மூன்றாவது, மற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று செய்தவரே முன்கூட்டி அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானவை. இப்படி முடிவு செய்த அன்றே பாதிச் சிக்கல் தீர்ந்தது. இன்னொரு நன்மையும் நடந்தது. மற்றவர் பாட்டைப் போட்டுக் கேட்பதைவிட, பக்கத்து நாற்காலியில் இருப்பவர் இப்போதுதான் எழுதிய நாலு வரிக்குத் தலையாட்டுவதில் சந்தோஷம் அதிகம். எனக்கு அது அந்த அறையில்தான் தெரிந்தது.

கிரியேட்டிவ் காமன்ஸ் என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. சிசி ஜீரோ என்றால் எந்த நிபந்தனையும் இல்லை. பிஒய் என்றால் செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். என்சி இருந்தால் வணிக நோக்கம் கூடாது. என்டி இருந்தால் அப்படியே ஒலிக்கவிடலாம். வெட்டி ஒட்டி ரீமிக்ஸ் செய்து வெளியிடக் கூடாது. புதியவர்கள் அதிகம் இடறுவது இந்த என்டியில்தான். ஒலிப்பதிவுகளைப் பகிரும் ஃப்ரீசவுண்ட் தளத்தில் ஒவ்வொரு ஒலிக்கும் பக்கத்திலேயே உரிமம் போட்டிருக்கும். எடுக்கும்போதே ஒலியின் பெயர், செய்தவர், உரிமம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். பிறகு தேடி எழுதலாம் என்றால் நடக்காது.

உள்ளூர் ஒலிகளைப் பதிவு செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். முட்டம் கடற்கரை அலை, வடசேரி சந்தை இரைச்சல், மழையில் ஓட்டுக்கூரை இவற்றையெல்லாம் தாராளமாகப் பதிவு செய்யுங்கள். ஆனால் வில்லுப்பாட்டில் உடுக்கை அடிப்பவரையோ சிங்காரி மேளக்காரரையோ பதிவு செய்தால் கதை வேறு. நிகழ்த்துபவருக்கும் சட்டப்படி உரிமை உண்டு, அது 50 ஆண்டுகள் நீடிக்கும். முன்னாடியே சொல்லி, ஒரு தாளில் சம்மதம் வாங்கி, கையில் ஒரு தொகையும் கொடுங்கள். கோயில் கொடை விழாவில் ஓரமாக நின்று போனில் பிடித்து வந்து அதன்மேல் தாளம் கட்டுவது அந்தக் கலைஞருக்குச் செய்கிற மரியாதைக் குறைவு. எங்கள் குழுவில் இதை விதியாகவே வைத்திருக்கிறோம்.

2. பத்துப் பேரை நேரில் பிடியுங்கள்

போஸ்டர், இணைய விளம்பரம் எதுவும் முதலில் வேண்டாம். பத்துப் பேரிடம் நேரில் பேசினால் ஏழு பேர் வருவார்கள்.

டெவலப்பர்களைத் தேடும்போது, திருவனந்தபுரத்து ஐ.டி. வளாகமான டெக்னோபார்க்கில் வேலை பார்த்து வார இறுதியில் ஊருக்கு வருபவர்களை மறந்துவிடாதீர்கள். மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் பக்கம் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். பொறியியல் கல்லூரி மாணவர்கள் வந்தால் நல்லது. ஆனால் கூட்டம் முழுவதும் மாணவர்களாகிவிட்டால் அது வகுப்பாக மாறிவிடும்.

இசைப் பக்கம் ஆள் கிடைக்காது என்றுதான் நானும் நினைத்தேன். கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர்கள், சிங்காரி மேளம் அடிக்கும் தம்பிகள், கொடைக்கும் திருவிழாவுக்கும் ஒலி–ஒளி அமைப்பவர்கள். ஒலி–ஒளித் தம்பி ஒருவர் குழுவுக்குள் வந்துவிட்டால் 7ஆம் படியில் நான் சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி உங்களை நெருங்காது. அவர்களிடம் “டெக்னோ” என்றால் புரியாமல் போகலாம். “லேப்டாப்பில் எழுதியே தாளம் வரவைக்கிறோம், வந்து பாருங்கண்ணே” என்றால் வருவார்கள்.

ஒரு வாட்ஸ்அப் குழு போதும். காசு கட்டிப் பதிவு செய்யும் கூடுகைத் தளங்கள் முதல் ஆறு மாதத்துக்குத் தேவையே இல்லை. பேச்சு தமிழில் இருக்கட்டும். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வருபவர்கள் நடுவே மலையாளத்தில் பேசினாலும் யாரும் தடுமாறப் போவதில்லை. சிறிய ஊரில் இது நிலைக்குமா என்ற சந்தேகம் வந்தால் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவைப் பாருங்கள். பெரிய நகரம் இல்லாமலேயே பல வருடமாக நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

3. இடம்: கல்யாண மண்டபத்தை விட்டுவிடுங்கள்

இருபது பேருக்கு மண்டபம் பெரிது, வாடகையும் பெரிது, எதிரொலியும் அதிகம். நாங்கள் பார்த்தவற்றில் ஒவ்வொன்றைப் பற்றியும் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் சென்டர், டியூஷன் சென்டர் வகுப்பறைகள் ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கும். நாற்காலி, மேசை, பிளக் எல்லாம் உண்டு. ஆனால் மேல்மாடியில் வகுப்பறையும் கீழே வீடும் இருந்தால் பேஸ் சத்தம் தளம் வழியாக நேராகக் கீழே இறங்கும். கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

தேவாலயத்தின் பங்கு மண்டபம் சில இடங்களில் இலவசமாகவே கிடைக்கும். பங்குத்தந்தையிடம் நேரில் போய் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். பங்கு நிகழ்ச்சி ஏதாவது வந்தால் நம் தேதி தள்ளிப் போகும், அது நியாயம்தான். தவக்காலத்தில் நடன இசை என்று போய் நிற்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது நடன வகுப்பு, ஜும்பா வகுப்பு நடத்தும் அறைகள். ஸ்பீக்கர் அங்கேயே இருக்கும். அக்கம்பக்கத்துக்கு அந்தச் சத்தம் பழகியிருக்கும். ஞாயிறு மதியம் பெரும்பாலும் காலி. குறை ஒன்றுதான்: மேசை கிடையாது. தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம், யாரும் குறை சொல்லவில்லை.

எந்த இடமானாலும் முன்பணம் கொடுக்கும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். இசை ஒலிக்கலாமா? எத்தனை மணி வரை? எங்களை ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா? சம்மதக் கடிதம் எழுதித் தருவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் இருக்கிறதா என்று மேப்பில் அளந்து பாருங்கள். அந்தச் சுற்றளவு அமைதி மண்டலம் என்று அறிவிக்கப்படக்கூடியது. நாகர்கோவில் நகருக்குள் மருத்துவமனை இல்லாத தெருவைத் தேடுவது கஷ்டம். அதனாலேயே கொஞ்சம் வெளியே பாருங்கள் என்கிறேன், ஆனால் பஸ் இல்லாத இடத்துக்குப் போய்விடாதீர்கள். வடசேரியிலிருந்தோ அண்ணா பஸ் நிலையத்திலிருந்தோ ஒரே பஸ்ஸில் வர முடிய வேண்டும்.

4. தேதியும் நேரமும்

ஞாயிறு காலை நம் மாவட்டத்தில் ஆள் வராது. பாதிப் பேர் ஆராதனையிலோ திருப்பலியிலோ இருப்பார்கள். ஞாயிறு மதியம் 3.30 முதல் 6.30 வரை எங்களுக்குச் சரியாக அமைந்தது. 6.30க்கு முடித்தால் பெண்கள் வீட்டில் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. குளச்சல், குலசேகரம் பக்கம் போகிறவர்களுக்கும் பஸ் இருக்கும்.

டிசம்பர் வேண்டாம். கோட்டார் சவேரியார் திருவிழா, பிறகு கிறிஸ்துமஸ். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் மாற்று நாள் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை நடத்துவதாக இருந்தால் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பாருங்கள்.

5. காகிதங்கள்

மூன்றாவது வாரத்தின் தொடக்கத்தில் இவையெல்லாம் ஒரு ஃபைலில் இருக்க வேண்டும்:

இட உரிமையாளரின் சம்மதக் கடிதம். தேதி, நேரம், எத்தனை பேர், ஒலி அமைப்பு பயன்படுத்தச் சம்மதம் ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

பொறுப்பாளர் இருவரின் ஆதார் நகல். ஒருவர் மட்டும் என்றால் அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். மூடிய அறைதானே என்று விட்டுவிடாமல், அந்த இடம் எந்த நிலைய எல்லைக்குள் வருகிறதோ அங்கே பத்து நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். வேறு அதிகாரியிடம் போகச் சொன்னால் போவதற்கும் நேரம் இருக்கும். நீளமாக எழுத வேண்டாம். எங்கள் கடிதத்தின் உடல் இவ்வளவுதான்:

“வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 3.30 மணி முதல் 6.30 மணி வரை, மேற்கண்ட முகவரியில் உள்ள மூடிய அறையில், கணினி மூலம் இசை அமைக்கும் பயிற்சிக் கூடுகை நடத்த உள்ளோம். சுமார் 20 பேர் கலந்துகொள்வார்கள். அறைக்குள் இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள் மட்டும் பயன்படுத்தப்படும். கட்டணச் சீட்டு விற்பனை இல்லை. மது, புகை இல்லை. இட உரிமையாளரின் சம்மதக் கடிதமும் எங்கள் அடையாள அட்டை நகல்களும் இணைத்துள்ளோம். அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் பெற்றதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை என்பது வாங்கிக்கொண்டதற்கு அடையாளம், அனுமதி தனியாக வர வேண்டும். நான்கைந்து நாள் கழித்து மறுபடி நேரில் போய்க் கேளுங்கள். ‘டிஜே’, ‘டான்ஸ் பார்ட்டி’ போன்ற சொற்கள் நடக்கப்போவதைத் தவறாகக் காட்டும். இருபது பேர் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பதை அப்படியே எழுதினால் போதும். அதேபோல், எழுதியதற்கு மாறாக ஒன்றும் செய்யாதீர்கள். இருபது என்று எழுதிவிட்டு அறுபது பேரை அழைத்தால் அடுத்த தடவை அந்த வாசல் திறக்காது.

கடைசியாக, ஒலிக்கப்போகும் இசையின் பட்டியலும் உரிமமும் உள்ள தாள். 1ஆம் படியில் எழுதிக்கொண்டே வந்திருந்தால் இதற்கு ஐந்து நிமிடம். யாராவது கேட்டால் இந்த ஒரு தாளை நீட்டிவிடலாம்.

6. மென்பொருளை வீட்டிலேயே ஏற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள்

இருபது பேர் ஒரு போன் ஹாட்ஸ்பாட்டில் டவுன்லோடு செய்வது நடக்காத காரியம். மூன்று நாள் முன்பே குழுவில் பட்டியல் போடுங்கள்.

வெப் டெவலப்பர்களுக்கு, கோடிங் மூலம் இசை வரவைக்கும் ஸ்ட்ரூடலைத்தான் முதலில் சொல்வேன். டைடல்சைக்கிள்ஸ் என்ற மொழியின் முறையை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிரவுசரைத் திறந்தால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். சும்மா விட்டால் அதில் ஒரு சுழற்சி (தாளம் ஒருமுறை சுற்றி வரும் நேரம்) 2 வினாடி. அதற்குள் நான்கு கிக் (பெரிய டிரம்மின் அடி) வைத்தால் நிமிடத்துக்கு 120 அடி. ஹவுஸ் இசை நடக்கும் வேகம் அதுதான். கோடில் ஒரு எண்ணை மாற்றியதும் அறை முழுக்கத் தாளம் மாறுவதைப் பார்த்த புதியவரின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு சிக்கல் இருக்கிறது: டிரம் போன்ற பதிவு ஒலிகளை அது முதல் தடவை இணையத்திலிருந்து எடுக்கும். நெட் மெதுவானால் அமைதிதான் வரும். வீட்டிலேயே ஒருமுறை எல்லா ஒலியையும் ஓடவிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். சா, ட்ரையாங்கிள் போன்று கணினியே உருவாக்கும் சிந்த் ஒலிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இதேபோல் கோடிங்கில் இசை செய்ய, ஆனால் நெட்டே இல்லாமல் வேலை செய்ய, சோனிக் பை. ஒலிகள் அதற்குள்ளேயே இருக்கும். கோடிங் தெரியாத கீபோர்டு அண்ணனுக்கும் இது எளிதாக வருகிறது. இரண்டு டிராக்குகளைக் கலந்து ஒலிக்க மிக்ஸ் (Mixxx) என்ற மென்பொருள். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்; வேகத்தைத் தானே கணக்கிட்டுப் பொருத்திக் கொடுக்கும். பதிவுகளை வெட்டித் திருத்த ஆடாசிட்டி. திரையில் கோலம் போல அசையும் காட்சி வேண்டுமென்றால் ஹைட்ரா, அதுவும் பிரவுசரிலேயே ஓடும். நெட் இல்லாமல் ஒரே வைஃபைக்குள் ஃபைல் மாற்ற லோக்கல்சென்ட். பென்டிரைவ் கை மாறி வைரஸோடு திரும்பி வருவதை இது நிறுத்தியது. ஒன்று கவனம்: காசு கொடுத்து வாங்கிய ஒலித் தொகுப்பை அதன் வழியாகப் பகிராதீர்கள். ‘ராயல்டி ஃப்ரீ’ என்று போட்டிருந்தாலும் உங்கள் இசையில் பயன்படுத்தத்தான் அனுமதி, ஃபைலைப் பிறருக்குக் கொடுக்க இல்லை.

சொந்தமாக, பிரவுசரிலேயே ஒலி உருவாக்கும் வெப் ஆடியோவில் ஏதாவது எழுதிக் கொண்டுவருபவர்களுக்கு மட்டும் இரண்டு எச்சரிக்கை. பக்கம் திறந்தவுடன் ஒலி வராது. பயனர் ஒருமுறை கிளிக் செய்யும்வரை பிரவுசர் ஆடியோவை நிறுத்தி வைத்திருக்கும். ஒரு ‘தொடங்கு’ பட்டன் வையுங்கள். இரண்டாவதுதான் எங்களை நாற்பது நிமிடம் உட்கார வைத்தது. ஒரு லேப்டாப்பில் சர்வரை ஓட்டி, மற்றவர்கள் அதன் உள் ஐபி முகவரிக்கு வந்தால் மைக், மிடி (கீபோர்டு போன்ற இசைக் கருவிகளை இணைக்கும் முறை), ஆடியோ வொர்க்லெட் மூன்றும் வேலை செய்யாது. எச்.டி.டி.பி.எஸ். முகவரியிலோ லோக்கல்ஹோஸ்டிலோ மட்டுமே அவை கிடைக்கும். உங்கள் மெஷினில் லோக்கல்ஹோஸ்டில் பார்த்துவிட்டு “எனக்கு ஓடுதே” என்று நினைத்திருப்பீர்கள். எம்கேசெர்ட் என்ற கருவியில் எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்கான ஒரு சான்றிதழ் செய்து முந்தின நாளே இரண்டு போனில் சோதித்துவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவருக்கு மிடி கிடைக்காது, சஃபாரியில் அந்த வசதியே இல்லை.

7. வயர், ஸ்பீக்கர், கரண்ட்

கூடுகை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். முடிந்தால் முந்தின நாள் மாலையே இடத்துக்குப் போய் ஒருமுறை இணைத்துப் பாருங்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். பாட்டுக் கேட்க அது போதும். நேரடியாகத் தாளம் வாசிக்கும்போது அடித்ததற்கும் கேட்பதற்கும் நடுவே தாமதம் வரும். 120 வேகத்தில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் அரை வினாடிதான் இடைவெளி. அதில் கால் வினாடி பிந்தினால் கை தடுமாறிவிடும்.

வயரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து வரும் ஸ்டீரியோ வயரை அப்படியே ஸ்பீக்கரின் ஒற்றைப் பேலன்ஸ்டு துளையில் செருகினால், இடதும் வலதும் ஒன்றையொன்று கழித்துவிடும். சிம்பல் கேட்கும், நடுவில் இருக்கும் கிக்கும் பேஸும் காணாமல் போகும். ஸ்பீக்கர் பழுது என்று நினைத்து வாடகைக்காரரிடம் சண்டை போடப் போனோம். பழுது எங்கள் வயர் தேர்வில் இருந்தது. ஒரு முனையில் சின்ன ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு பெரிய மோனோ பின் உள்ள ‘ஒய்’ வயரைக் கேட்டு வாங்குங்கள். மைக் துளையில் செருகாமல் லைன் துளையில் செருகுங்கள்.

அப்புறம் அந்த உறுமல். சார்ஜரைப் பிடுங்கினதும் உறுமல் நின்றால் அது கிரவுண்ட் லூப்பால், அதாவது எர்த் இணைப்பு இரண்டு வழியாக வளையமாவதால், வருவது. லேப்டாப் சார்ஜரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டுப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். சிலர் பிளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிடச் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து, செய்யவே செய்யாதீர்கள்.

சத்தத்தின் அளவு: குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், வணிகப் பகுதிக்கு 65 என்பது விதி. இரவு 10 முதல் காலை 6 வரை இன்னும் குறைவு. நாம் 6.30க்கு முடிப்பதால் இரவுக் கணக்கு வராது. சாதாரணப் பேச்சே கிட்டத்தட்ட 60 இருக்கும் என்றால் 55 எவ்வளவு குறைவு என்று பாருங்கள். அதனால் ஜன்னலை அடைத்து, வெளியே தெருவில் நின்று போன் செயலியில் அளந்து பாருங்கள். செயலி துல்லியமாக இருக்காது, ஒரு மதிப்பீடு கிடைக்கும். சுவரைத் தாண்டிப் போவது கீழ்ப் பேஸ்தான். சப்வூஃபர் வேண்டாம். 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் முந்தின நாளே போய், “நாளைக்கு மூன்று மணி நேரம் கொஞ்சம் சத்தம் இருக்கும்மா, தொந்தரவா இருந்தா சொல்லுங்க” என்று போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். நாங்கள் அப்படிப் போய்ச் சொன்ன அம்மா இரண்டாவது கூடுகைக்குத் தன் பேத்தியை அனுப்பினார்.

கரண்ட் போனால்? லேப்டாப் ஓடும், ஸ்பீக்கர் நின்றுவிடும். ஹெட்போன்களும் ஒரு ஸ்பிளிட்டரும் பையில் இருக்கட்டும். திரைக்கு எச்.டி.எம்.ஐ. வயரும் டைப்-சி மாற்றியும் நீங்களே கொண்டுபோங்கள். வாடகைப் புரொஜெக்டரோடு வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

8. பணம்

எங்களுக்கு முதல் கூடுகையில் ஆன செலவு இது. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

இடம் 1,500 ரூபாய். ஸ்பீக்கர் வாடகை 1,000. புரொஜெக்டர் 800. டீ, பழம்பொரி, சுக்குக் காப்பி 20 பேருக்கு 700. ஜெராக்ஸ் முதலியவை 150. வயர்கள் 450. மொத்தம் 4,600. செலவுப் பங்கு கொடுத்தவர்கள் 18 பேர், ஆளுக்கு 150 என்று 2,700 வந்தது. மீதி 1,900ஐ நாங்கள் மூவரும் போட்டோம்.

இரண்டாவது தடவை நடன வகுப்பு அறைக்குப் போனோம். அறை 1,200, ஸ்பீக்கர் அங்கேயே இருந்தது, வயர் கையில் இருந்தது. மொத்தம் 2,800. வந்தது 22 பேர், 3,300. மிச்சம் 500.

பணத்தைச் செலவுப் பங்கு என்று மட்டும் வாங்குங்கள். டிக்கெட் அடித்து விற்றால் அது பொதுநிகழ்ச்சி ஆகிவிடும். வரி, அனுமதி, இசை உரிமம் எல்லாம் வேறு கணக்கு, என்சி உரிமத்தில் உள்ள இசையும் கைவிட்டுப் போகும். யு.பி.ஐ.யில் ஒரே ஆளின் கணக்குக்கு வரட்டும். அன்று இரவே வரவு செலவைக் குழுவில் போட்டுவிடுங்கள். காசு கொடுக்க முடியாத மாணவரைத் தனியாக அழைத்து “பரவாயில்லை, வா” என்று சொல்லுங்கள், எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள்.

9. அன்றைய மூன்று மணி நேரம்

நீங்கள் 2.30க்கே அங்கே இருக்க வேண்டும். 3.30க்கு ஆரம்பம் என்றால் 3.45க்குத்தான் ஆள் சேரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஒருவர் இருபது நிமிடம் வெப் சம்பந்தமாக ஏதாவது செய்து காட்டட்டும். ஸ்லைடு வேண்டாம், ஓடுகிற ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்து சுற்றாக, ஒவ்வொருவரும் தாம் தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளை இரண்டு நிமிடத்தில் சொல்வது. எங்களிடம் எல்லோருக்கும் பிடித்த பகுதி இதுதான். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் ஒரே கட்டளையில் முப்பது பதிவுகளின் சத்தத்தைச் சமன் செய்வதை ஒருவர் காட்டினார். ஒலி–ஒளி வேலை பார்க்கும் அண்ணன் அதை உடனே போனில் எழுதிக்கொண்டார். டீக்குப் பிறகு ஒரு மணி நேரம் எல்லோரும் ஸ்ட்ரூடலில் கைவைப்பது. இருவருக்கு ஒரு லேப்டாப் என்று உட்கார வையுங்கள், கோடிங் தெரிந்தவர் ஒருவர், தாளம் தெரிந்தவர் ஒருவர். கடைசி அரை மணி நேரம் செய்ததை ஸ்பீக்கரில் வாசிப்பது. ஆட நினைப்பவர் ஆடட்டும், யாரையும் எழுப்பி இழுக்காதீர்கள்.

வாசிப்பவர் லேப்டாப்பில் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். படமெடுக்கும் முன் சம்மதம் கேளுங்கள். வீட்டுக்குத் தெரியாமல் யாரும் வரவில்லை என்றாலும், தன் படம் பரவுவதை விரும்பாதவர்கள் இருப்பார்கள்.

10. முடிந்த பிறகு

6.20க்கு இசையை நிறுத்துங்கள். பத்து நிமிடத்தில் அறையைப் பெருக்கி, நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்து, சாவியைக் கையில் கொடுத்து, “எல்லாம் சரியா இருக்காண்ணாச்சி, ஒருதடவை பார்த்துருங்க” என்று சொல்லி அவர் பார்த்த பிறகு கிளம்புங்கள். அறையிலிருந்து வெளியேறும் முன்பே அடுத்த தேதியைச் சொல்லிவிடுங்கள், நாள் போனால் ஆள் கலைந்துவிடும். காவல் நிலையக் கடிதத்தின் முத்திரையிட்ட பிரதியையும் இடத்துக்காரரின் சம்மதக் கடிதத்தையும் ஸ்கேன் செய்து வையுங்கள். அடுத்த தடவை தேதியையும் ஆள் எண்ணிக்கையையும் மாற்றினால் கடிதம் தயார். இரண்டாவது கூடுகைக்கு எங்களுக்கு எல்லாமும் சேர்த்து ஒன்பது நாள்தான் ஆனது.